யூரின் ஃப்ரீயா போகணும்னா என்ன பண்ணணும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யூரின் எவ்ளோ வேகமா வருதுன்னு பாக்குற டெஸ்ட் ரூம்ல நான் நர்ஸா இருக்கேன். வர்றவங்க உள்ள போறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேப்பாங்க, வெளிய வந்ததும் ரெண்டு கேள்வி, அப்புறம் கிளம்பி வாசல் வரைக்கும் போயிட்டு திரும்பி வந்து மெதுவா இன்னொன்னு கேப்பாங்க. பெரும்பாலும் அந்த கடைசி கேள்விதான் அவங்க மனசுல இருந்தது. திரும்ப திரும்ப அதே சந்தேகங்க வர்றதால, அவங்க கேட்ட மாதிரியே எழுதி பதிலும் போட்டிருக்கேன். வீட்ல பெரியவங்களுக்கு படிச்சு காட்டணும்னாலும் காட்டுங்க.

ஒரு நாளைக்கு எத்தன தடவ போனா நார்மல்?

பகல்ல 7, 8 தடவ வரைக்கும் போகலாம், ராத்திரி தூக்கத்துல ஒரு தடவ எழுந்தாலும் பரவால்ல. பெரியவங்களுக்கு மூத்திரப்பை சாதாரணமா 400லேருந்து 600 மில்லி வரைக்கும் பிடிக்கும், அதுல 150, 200 சேந்ததுமே லேசா ஒரு உணர்வு வரும், அதுக்காக உடனே எழுந்து ஓடணும்னு இல்ல. ஒரு நாள் மொத்தத்துக்கு 1லேருந்து 2 லிட்டர் போனா சரியான அளவு.

எண்ணிக்கைய விட, உங்களுக்கு வழக்கமா இருந்தது மாறிருக்கான்னுதான் பாக்கணும். எப்பவும் 5 தடவ போறவர் திடீர்னு 12 தடவ போனா அத கவனிக்கணும்.

ஃப்ளோ கம்மியா இருக்குன்னு எப்படி தெரிஞ்சுக்கறது?

எங்க மெஷின்ல ஒரு புனல் இருக்கும், அதுல போனா செகண்டுக்கு எத்தன மில்லி வருதுன்னு கோடா வரைஞ்சு காட்டும். உச்ச வேகம் 15 மில்லிக்கு மேல போனா பொதுவா கவல இல்ல, 10க்கு கீழ இருந்தா எங்கயோ வழி குறுகிருக்கு, இல்லன்னா பையோட தசைக்கு வலு கம்மியா இருக்குன்னு யோசிக்கணும். ஆனா மொத்தமா 150 மில்லியாவது போனாதான் அந்த கணக்கு செல்லும், கொஞ்சமா போனா யாருக்கா இருந்தாலும் வேகம் கம்மியாதான் காட்டும். நல்லா போறவங்க கோடு ஒரு சின்ன குன்று மாதிரி ஏறி இறங்கும். அடைப்பு இருக்குறவங்களுக்கு அது ஏறவே ஏறாது, தரைய ஒட்டி நீளமா போயிட்டே இருக்கும், அந்த பேப்பர பாத்தாலே அவர் எவ்ளோ நேரம் நின்னு கஷ்டப்பட்டிருக்கார்னு தெரிஞ்சிடும்.

வீட்ல மெஷின் இல்லாம பாக்கணும்னா இத கவனிங்க: போய் நின்னதும் ஆரம்பிக்க நேரமாகுதா, விட்டு விட்டு வருதா, முக்க வேண்டியிருக்கா, கடைசில சொட்டிக்கிட்டே இருக்கா, முடிச்சும் மிச்சம் இருக்குற மாதிரி தோணுதா. டைம் பாக்கணும்னா, 2014ல வந்த ஒரு ஆய்வுல 3 கிலோவுக்கு மேல எடை இருக்குற பாலூட்டிங்க எல்லாமே, யானை உட்பட, நெறஞ்ச பைய காலி பண்ண சுமார் 21 செகண்ட்தான் எடுக்குதுன்னு கண்டுபிடிச்சாங்க. பத்து பதிமூணு செகண்ட் முன்ன பின்ன இருக்கும், அதனால ஸ்டாப்வாட்ச் வேண்டாம், ஆனா தினமும் ஒரு நிமிஷத்துக்கு மேல நிக்குறீங்கன்னா காமிச்சுடுங்க.

முக்கினா கொஞ்சம் வேகமா வருது சிஸ்டர், அப்போ முக்கி போறது நல்லதுதானே?

இல்லங்க. நான் எழுதுறதுல எத மறந்தாலும் இந்த ஒன்ன மறந்துடாதீங்க. மூத்திரப்பையே ஒரு தசைதான், அது தானா சுருங்கி யூரின வெளிய தள்ளும், நீங்க செய்ய வேண்டியது கீழ இருக்குற கதவ, அதாவது வால்வ சுத்தி இருக்குற தசைய தளர விடுறது மட்டும்தான். நீங்க வயித்த இறுக்கி முக்கும்போது பலருக்கு அந்த கீழ் தசையும் சேந்தே இறுகிடும், ஒரு பக்கம் தள்ளிட்டு இன்னொரு பக்கம் கதவ பிடிச்சுக்கற மாதிரி. வருஷக்கணக்கா இப்படி முக்கினா குடலிறக்கம், மூலம், பெண்களுக்கு கர்ப்பப்பை இறக்கம் இதெல்லாம் வர வாய்ப்பு கூடும்.

ஒரு பெரியவர் வந்தாரு, மூணு தடவ உள்ள போயிட்டு மூணு தடவையும் கொஞ்சூண்டுதான் வந்துச்சு, முகமெல்லாம் சிவந்து போச்சு. நான் வெளிய போறேன், யாரும் வர மாட்டாங்க, உக்காந்து பாதம் ரெண்டையும் தரைல பதிச்சு, முழங்கைய தொடை மேல வச்சு கொஞ்சம் முன்னாடி சாஞ்சுக்கோங்க, பல்ல கடிக்காதீங்க, தோள கீழ விடுங்க, மூச்ச மெதுவா வெளிய விட்டுட்டே இருங்கன்னு சொல்லிட்டு கதவ சாத்தினேன். ஒரு நிமிஷம் சத்தமே இல்ல, அப்புறம் வந்துச்சு, 220 மில்லி. அவரோட அடைப்பு அதனால போயிடல, அதுக்கு தனியா வைத்தியம் பாத்தாரு, ஆனா அன்னிக்கு அவருக்கு வராம இருந்ததுல பாதி காரணம் அவர் முக்கினதுதான்.

ஆம்பளைங்க உக்காந்து போகலாமா, அது தப்பில்லையா?

தாராளமா போகலாம். புராஸ்டேட், அதாவது ஆண்களுக்கு யூரின் குழாய சுத்தி இருக்குற சுரப்பில தொந்தரவு இருக்குறவங்களுக்கு உக்காந்து போனா வேகம் கொஞ்சம் கூடுது, பைல மிச்சம் நிக்கிறதும் கொறையுதுன்னு பல ஆய்வுகள சேத்து பாத்ததுல தெரிஞ்சிருக்கு. தொந்தரவே இல்லாதவங்களுக்கு நின்னாலும் உக்காந்தாலும் ஒன்னுதான். ராத்திரி தூக்க கலக்கத்துல எழுந்து போற வயசானவங்க உக்காந்தே போங்க, கீழ விழாம இருக்கவும் அதுதான் பாதுகாப்பு.

பெண்களுக்கு ஒன்னு சொல்லணும். வெளி இடத்துல சீட் அசுத்தமா இருக்குன்னு அதுல உக்காராம அந்தரத்துல பாதி குனிஞ்சு நிப்பீங்க, அப்போ தொடையும் கீழ் தசையும் இறுகியே இருக்கும், பை முழுசா காலியாகாது. துடைச்சுட்டு இல்ல பேப்பர் போட்டுட்டு முழுசா உக்காருங்க.

தண்ணி நெறைய குடிச்சா ஃப்ளோ சரியாயிடும்ல?

தண்ணி குடிச்சா யூரின் அதிகமா உற்பத்தி ஆகும், அவ்ளோதான், வழி குறுகலா இருந்தா அது அப்படியேதான் இருக்கும். ரெண்டும் வேற வேற விஷயம், நிறைய பேர் இதத்தான் குழப்பிக்கிறாங்க. சொல்லப்போனா அடைப்பு இருக்குறவங்க ஒரே மூச்சுல 1 லிட்டர் குடிச்சா பை வேகமா நெறஞ்சு இழுபட்டு, சுருங்க முடியாம யூரின் மொத்தமா நின்னு போகவும் வாய்ப்பு இருக்கு.

அதுக்காக கம்மியா குடிக்காதீங்க, கலர பாருங்க. வெளிர் மஞ்சளா, வைக்கோல் கலர்ல இருந்தா சரி, அடர் மஞ்சளா வாடையோட இருந்தா பத்தல. கிட்னி ஸ்டோன் வந்தவங்க மட்டும் ஒரு நாளைக்கு 2.5 லிட்டர் யூரின் போற அளவுக்கு குடிக்கணும். அத நாள் முழுக்க பிரிச்சு குடிங்க, கிட்னியால மணிக்கு சுமார் 1 லிட்டர்தான் வெளியேத்த முடியும், அதுக்கு மேல மணிக்கணக்கா குடிச்சுட்டே போனா ரத்தத்துல சோடியம் ஆபத்தா கொறஞ்சிடும். ஹார்ட், கிட்னி பிரச்சன இருக்குறவங்களுக்கு டாக்டர் ஒரு அளவு சொல்லிருப்பாங்க, அதுதான் உங்க அளவு, இங்க எழுதினது உங்களுக்கு இல்ல.

அப்போ சாயங்காலத்துக்கு மேல தண்ணிய நிறுத்திட்டா ராத்திரி எழுந்திரிக்க வேண்டாமா?

படுக்குறதுக்கு 2, 3 மணி நேரம் முன்னாடி குறைச்சுக்கலாம், நாக்க நனைக்க ஒரு வாய் குடிக்கறதுல தப்பில்ல. மதியமே நிறுத்தாதீங்க, யூரின் கெட்டியாகி பைய எரிச்சல்படுத்தி இன்னும் அடிக்கடி எழுப்பும்.

ராத்திரி எழுந்திரிக்க பல காரணம் உண்டு. சாயங்காலம் கால் வீங்குறவங்களுக்கு அந்த நீர் படுத்ததும் ரத்தத்துல திரும்ப சேந்து கிட்னிக்கு வரும், அதனால மதியத்துக்கு மேல ஒரு மணி நேரம் கால உயரமா வச்சு படுத்து எழுந்தீங்கன்னா அந்த நீர்ல கொஞ்சம் பகல்லயே போயிடும். பிரஷருக்கு நீர் போற மாத்திர போடுறவங்க நேரத்த மாத்தலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. சத்தமா குறட்ட விட்டு நடுவுல மூச்சு நின்னு நின்னு வர்றவங்களுக்கு அதனாலயே ராத்திரி யூரின் அதிகமாகும், இது நெறைய பேருக்கு தெரியறதில்ல. சுகரையும் ஒரு தடவ செக் பண்ணிடுங்க.

காபி, டீய விடணுமா?

ஒரேயடியா விட வேண்டாம். கஃபீன் பைய உசுப்பி விடும், மதுவும் அப்படித்தான். அடிக்கடி அவசரமா வருதுன்னா 2 வாரம் குறைச்சு பாருங்க, வித்தியாசம் தெரிஞ்சா அப்படியே தொடருங்க, தெரியலன்னா காரணம் அது இல்ல. டக்குனு நிறுத்தினா தலவலி வரும், மெதுவா குறைங்க.

போயிட்டு வந்து உக்காந்த உடனே மறுபடி போகணும் போல இருக்கு

முடிஞ்சதும் உடனே எழுந்து வந்துடாதீங்க. ஒரு அரை நிமிஷம் அப்படியே இருங்க, எழுந்து நின்னு இடுப்ப லேசா அசைச்சுட்டு மறுபடி உக்காந்து முன்னாடி சாஞ்சு, மேல சொன்ன மாதிரி மூச்ச விட்டு திரும்ப ஒரு தடவ போங்க. ரெண்டு தடவயா போறதுன்னு இதுக்கு பேரே உண்டு, மிச்சம் தங்குறவங்களுக்கு நல்லா உதவும்.

உண்மையிலயே மிச்சம் இருக்கா, இல்ல அப்படி தோணுதா மட்டுமான்னு கண்டுபிடிக்க, யூரின் போனதும் வயித்து மேல ஸ்கேன் வச்சு பாப்போம், வலிக்காது. 50 மில்லிக்குள்ள இருந்தா ஒன்னும் இல்ல, 200க்கு மேல நின்னா விட்டு வைக்கக்கூடாது, தேங்கி நிக்கிற யூரின்ல இன்ஃபெக்ஷனும் கல்லும் சுலபமா வரும்.

எல்லாம் முடிஞ்சு பேன்ட் போட்டதுக்கு அப்புறம் ரெண்டு சொட்டு வருது, வெளிய சொல்லவே கூச்சமா இருக்கு

வாசல் வரைக்கும் போயிட்டு திரும்பி வந்து கேக்குறவங்க பெரும்பாலும் கேக்குறது இதத்தான், அவ்ளோ பேருக்கு இருக்கு. ஆண்களுக்கு யூரின் குழாய் விதைப்பைக்கு பின்னாடி கொஞ்சம் வளைஞ்சு அகலமா இருக்கும், அங்க கொஞ்சம் தங்கிட்டு நடக்கும்போது வெளிய வருது. முடிஞ்சதும் விதைப்பைக்கு பின்னாடி ரெண்டு விரல வச்சு மேல பாத்து லேசா அழுத்தி அப்படியே முன்னாடி தடவி கொண்டு வாங்க, ரெண்டு மூணு தடவ பண்ணா அந்த மிச்சம் வந்துடும். இது மட்டும் இருந்தா பெரிய நோய்க்கு அறிகுறி இல்ல.

பக்கத்துல ஆள் இருந்தா எனக்கு வரவே மாட்டேங்குது

பதட்டத்துல அட்ரினலின் சுரந்தா பையோட கழுத்து, அதாவது யூரின் பைய விட்டு வெளிய வர்ற வாய், இறுகும், உடம்பு அப்படித்தான் அமைஞ்சிருக்கு, உங்க மேல தப்பில்ல. தண்ணி குழாய திறந்து விட்டு அந்த சத்தத்த கேளுங்க, மனசுக்குள்ள 100லேருந்து 7, 7ஆ கழிச்சுட்டே போங்க, மூச்ச நீளமா விடுங்க, யாராவது வெளிய காத்திருந்தாலும் அவசரப்படாதீங்க. ஆளே இல்லாத டாய்லெட்ல ஆரம்பிச்சு, நம்பிக்கையான ஒருத்தர தூரமா நிக்க வச்சு, அப்புறம் கொஞ்சம் கிட்டன்னு படிப்படியா பழகினா நல்ல மாற்றம் வரும். இதுக்கு பயந்து வெளிய போற நாள்ல தண்ணியே குடிக்காம இருக்குறவங்கள நான் பாத்திருக்கேன், தயவுசெஞ்சு அப்படி பண்ணாதீங்க, மனநல ஆலோசகர்கிட்ட போனா இதுக்கு முறையான பயிற்சியே இருக்கு.

கெகல் எக்சர்சைஸ் பண்ணா ஃப்ளோ கூடுமா?

கெகல்ங்கறது கீழ் தசைய இறுக்கி இறுக்கி விடுறது, யூரின அடக்கி வைக்க உதவுற பயிற்சி. இருமினா தும்மினா கசியுதுன்னு சொல்றவங்களுக்கு அருமையானது, 1948லயே அர்னால்ட் கெகல்ங்கற டாக்டர் பிரசவத்துக்கு அப்புறம் தசை தளர்ந்தவங்களுக்காக எழுதினது. ஆனா ஆரம்பிக்கவே வர மாட்டேங்குது, விட்டு விட்டு வருதுங்கறவங்களுக்கு அந்த தசை ஏற்கனவே இறுகி இருக்கலாம், அத இன்னும் இறுக்கினா மோசமாகும், அவங்களுக்கு தளர விடுற பயிற்சிதான் வேணும், பிசியோதெரபிஸ்ட் சொல்லி தருவாங்க.

யூரின் போகும்போது நடுவுல நிறுத்தி நிறுத்தி பழகாதீங்க. எந்த தசைன்னு கண்டுபிடிக்க ஒரே ஒரு தடவ செஞ்சு பாக்கலாம், அத தினமும் செஞ்சா பைக்கு தப்பான பழக்கம் வந்துடும்.

மலச்சிக்கலுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கா?

ரொம்ப இருக்கு. மலக்குடல் பைக்கு பின்னாடியே இருக்கு, அது கெட்டியா அடைச்சு நின்னா பையையும் குழாயையும் அழுத்தும். குழந்தைங்களுக்கும் வயசானவங்களுக்கும் மலச்சிக்கல சரி பண்ணதுலயே யூரின் தொந்தரவு தீர்ந்தத நெறைய தடவ பாத்திருக்கேன்.

சளி மாத்திர ஒன்னு போட்டேன், அன்னிக்கு நைட்டே யூரின் நின்னுடுச்சு, அதனாலயா?

ஆமா, அதனாலயா இருக்கலாம். எங்க அப்பாவுக்கே நடந்துச்சு. மூக்கடைப்புன்னு ஒரு மாத்திர வாங்கி போட்டுட்டு படுத்தாரு, ராத்திரி ரெண்டு மணிக்கு பாத்ரூம்ல லைட் எரிஞ்சுட்டே இருக்கு, போய் பாத்தா சுவத்துல கைய ஊன்றிக்கிட்டு நிக்கிறாரு, நெத்தியெல்லாம் வேர்வ, அடிவயிறு கல்லு மாதிரி இருக்கு. ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு போய் டியூப் போட்டதும் 900 மில்லி வந்துச்சு, அப்புறம்தான் அவர் முகமே தெளிஞ்சது.

மூக்கடைப்பு மாத்திரைல இருக்குற சூடோஎஃபெட்ரின் பையோட கழுத்த இறுக்கும். சளி, அலர்ஜிக்கு போடுற குளோர்ஃபெனிரமைன் மாதிரி தூக்கம் வர வைக்கிற மருந்துங்க பைய சுருங்க விடாது. அமிட்ரிப்டிலின், மார்ஃபின் வகை வலி மருந்துங்களும் அப்படித்தான். வீட்ல 50 தாண்டின ஆண்களுக்கு புராஸ்டேட் தொந்தரவு இருந்தா, மருந்து வாங்கும்போது அத சொல்லி வாங்குங்க. டாக்டர் எழுதிக் கொடுத்து ரெகுலரா போடுற மாத்திரைய மட்டும் நீங்களா நிறுத்தாதீங்க, கேட்டு மாத்துங்க.

அப்பாவுக்கு 65 ஆச்சு, இந்த வயசுல இதெல்லாம் சகஜம்தானேன்னு விட்டுடலாமா?

சகஜம்தான், ஆனா விட்டுடக்கூடாது. புராஸ்டேட் யூரின் குழாய சுத்தி இருக்குற சுரப்பி, வயசாக ஆக பெருசாகும், 60 வயசுல பாதி ஆண்களுக்கு மேல அந்த மாற்றம் ஆரம்பிச்சிருக்கும். இது கேன்சர் இல்ல. இன்னொன்னு, ஸ்கேன்ல பெருசா இருந்தா தொந்தரவும் பெருசா இருக்கும்னு கணக்கு கிடையாது, சின்னதா வீங்கி குழாய நெரிக்கறவங்களும் இருக்காங்க. டாக்டர் 7 கேள்வி கொடுத்து மார்க் போடுவாங்க, 35க்கு 7 வரைக்கும் லேசு, 8லேருந்து 19 நடுத்தரம், 20க்கு மேல கடுமை. லேசா இருந்தா இங்க எழுதின பழக்கங்களே பல பேருக்கு போதும்.

மருந்துன்னா டாம்சுலோசின் பையோட கழுத்த தளர்த்தும், சில நாள்லயே தெரியும், டக்குனு எழுந்தா தலசுத்தும், விந்து கம்மியா வரலாம். கண் புரை ஆபரேஷன் வருதுன்னா இந்த மாத்திர போடுறத, முன்னாடி போட்டதா இருந்தாலும், கண் டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லணும், ஆபரேஷன் நேரத்துல கண்ணோட கலர் வளையம் (ஐரிஸ்) தளர்ந்து சிக்கலாகலாம். ஃபினாஸ்டரைடு சுரப்பிய சுருக்கும், ஆனா பலன் தெரிய 6 மாசம் கூட ஆகும், அதுக்குள்ள வேலை செய்யலன்னு நிறுத்திடுறாங்க. அது பிஎஸ்ஏ, அதாவது புராஸ்டேட் கேன்சருக்காக பாக்குற ரத்த டெஸ்ட் ரிப்போர்ட்ல அளவ பாதியா காட்டும், அதையும் சொல்லிடுங்க. மருந்துக்கு கேக்கலன்னா ஆபரேஷன், குழாய் வழியாவே உள்ள போய் செய்றதுதான் வழக்கம்.

பொம்பளைங்களுக்கு புராஸ்டேட்டே இல்லையே, எங்களுக்கும் ஃப்ளோ குறையுமா?

குறையும், ஆனா காரணம் வேற. கர்ப்பப்பையோ மூத்திரப்பையோ கீழ இறங்கினா குழாய் மடங்கிடும், கீழ ஏதோ பிதுங்குற மாதிரி தோணும். பிரசவம் ஆனதும் சில மணி நேரம் உணர்வே இல்லாம பை நெறஞ்சு போகும், 6 மணி நேரம் தாண்டியும் போகலன்னா நர்ஸ்கிட்ட சொல்லுங்க.

எரிச்சலோட கொஞ்சம் கொஞ்சமா அடிக்கடி வந்தா அது பெரும்பாலும் இன்ஃபெக்ஷன். பெண்களுக்கு குழாய் சுமார் 4 செண்டிமீட்டர்தான், ஆண்களுக்கு சுமார் 20, அதனால கிருமி சீக்கிரம் ஏறிடும். யூரின் டெஸ்ட் எடுத்து மருந்து போடுங்க, பழைய பிரிஸ்கிரிப்ஷன வச்சு நீங்களா ஆன்டிபயாடிக் வாங்காதீங்க. மாதவிடாய் நின்னவங்களுக்கு அடிக்கடி இன்ஃபெக்ஷன் வந்தா பிறப்புறுப்புக்குள்ள தடவுற ஈஸ்ட்ரோஜன் க்ரீம் நல்லா உதவும், கேட்டு பாருங்க.

மூலிகை மாத்திர போட்டா ஆபரேஷன் இல்லாம சரியாகும்னு சொல்றாங்களே?

உலகம் முழுக்க அதிகமா விக்கிறது சா பால்மெட்டோ, ஒரு வகை பனையோட பழத்துலேருந்து எடுக்குறது. 2006லயும் 2011லயும் வந்த ரெண்டு பெரிய ஆய்வுல அது மருந்தே இல்லாத போலி மாத்திரைய விட மேல பலன் தரல, 2011ல மூணு மடங்கு டோஸ் வரைக்கும் கொடுத்தும் பாத்தாங்க. நீர் பெருக்குற கஷாயம் எதுவா இருந்தாலும் தண்ணிக்கு சொன்ன பதில்தான், அளவு கூடும், வழி திறக்காது. அத நம்பி ஒரு வருஷம் தள்ளிப்போட்டு கிட்னி வீங்கி வர்றவங்கள பாக்கும்போது மனசு கஷ்டமா இருக்கு.

எனக்கு சுகர் இருக்கு, பை நெறஞ்சாலும் போகணும்னே தோண மாட்டேங்குது

பல வருஷ சுகர்ல நரம்பு பாதிச்சு பைக்கு உணர்வு கொறைஞ்சிருக்கலாம், மிச்சம் பாக்குற ஸ்கேன் எடுத்துடுங்க. உணர்வு வர்ற வரைக்கும் காத்திருக்காம 3, 4 மணி நேரத்துக்கு ஒரு தடவ மணி பாத்து போங்க, அந்த ரெண்டு தடவ முறையையும் சேத்துக்கோங்க.

கைக்குழந்தைக்கு, பையனுக்கு, சொட்டு சொட்டாதான் போகுது

வீட்ல எதுவும் பண்ணி பாக்காதீங்க, இன்னிக்கே குழந்தைங்க டாக்டர்கிட்ட காட்டுங்க. ஆண் குழந்தைங்களுக்கு பிறவியிலேயே குழாய்ல ஒரு மெல்லிய திரை அடைச்சுட்டு இருக்கலாம், சீக்கிரம் பாத்தா கிட்னிய காப்பாத்தலாம்.

எப்போ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்?

அடிவயிறு வீங்கி வலிக்குது, ஒரு சொட்டு கூட வரலன்னா விடியற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். குளிர் காய்ச்சலோட யூரின் தடைபட்டாலும், ரத்தக்கட்டி வந்தாலும் உடனே போங்க. இடுப்பு வலியோட கால் மரத்து, உக்கார்ற இடத்துல தொட்டா தெரியாம யூரின் நின்னா, அது தண்டுவட நரம்பு நசுங்குறதா இருக்கலாம், மணிக்கணக்குல முடிவு எடுக்க வேண்டிய விஷயம். வலியே இல்லாம ஒரே ஒரு தடவ ரத்தம் வந்து நின்னு போனாலும் அந்த வாரமே காட்டணும். டியூப் போடுவாங்களேன்னு பயந்து தள்ளிப்போடாதீங்க, மரத்துப்போற ஜெல் தடவித்தான் போடுவோம், எங்க அப்பா உட்பட எல்லாரும் போட்டதும் பெருமூச்சு விட்டத பாத்திருக்கேன்.

டாக்டர்கிட்ட போகும்போது என்ன கொண்டு போகணும், டெஸ்ட்டுக்கு எப்படி வரணும்?

3 நாள் எழுதிட்டு வாங்க: எத்தன மணிக்கு போனீங்க, ஒரு அளவு கப்புல பிடிச்சு எத்தன மில்லி, என்ன குடிச்சீங்க, ராத்திரி எத்தன தடவ எழுந்தீங்க, எப்போ கசிஞ்சுது. போடுற மாத்திர அட்டைங்க எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க, சளி மாத்திரையும் சேத்து.

ஃப்ளோ டெஸ்ட்டுக்கு வரும்போது வீட்ல எப்போ போகணும்னு தோணுமோ அந்த அளவுக்கு நெறஞ்சு வந்தா போதும், துடிக்க துடிக்க அடக்கிட்டு வராதீங்க, ரொம்ப நெறஞ்ச பை சரியா சுருங்காம வேகம் தப்பா காட்டும். உள்ள போனதும் உங்க நேரத்த எடுத்துக்கோங்க, ரெடின்னு தோணினா போங்க, நான் வெளியதான் இருப்பேன், அவசரப்படுத்த மாட்டேன்.